ஒரே எண், இரண்டு படம்

இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ஒரே எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரையும் ஃபிரேம்களின் எண்ணிக்கை, வந்தால் இரண்டும் ஒன்றுதானா? அக்கா மகன் ஆமாம் என்பான். பொறியியல் படிக்கிறவன், எக்செல் ஷீட் போடாமல் செருப்புகூட வாங்க மாட்டான். எனக்கு இல்லை என்று தோன்றும். ஏன் என்று கேட்டால்தான் பதில் வராது. "ஃபீல் வேற டா" என்பேன். "ஃபீலுக்கு யூனிட் என்னங்க மாமா?" என்பான். கோவையில் அவர்கள் வீட்டு மாடி அறையில் இந்த வாக்குவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. நடுவில் ஒரு நாள் மட்டும் இரண்டு பேருமே வாயடைத்துப் போனோம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

சண்டையின் மூலம் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ என்ற கார்டு. என்விடியா அதை 2023 மே மாதம் 8 ஜிபி மெமரியோடு 399 டாலருக்கு இறக்கியது. ஜூலையில் அதே கார்டு 16 ஜிபி மெமரியோடு 499 டாலருக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இவ்வளவு சுத்தமான ஜோடி அமைவது அபூர்வம். வழக்கமாக மெமரியைக் குறைக்கும் சாக்கில் வேறு எதையாவதும் சேர்த்து நறுக்கிவிடுவார்கள். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 அப்படித்தான்: 6 ஜிபி கார்டில் 1280 கோர் (கணக்குப் போடும் அலகு), 3 ஜிபி கார்டில் 1152. டப்பாவில் மட்டும் ஒரே பெயர். 4060 டிஐயில் அந்தத் தில்லுமுல்லு இல்லை. இரண்டிலும் அதே சிப், அதே 4352 கோர், மெமரிக்குப் போய் வர அதே 128 பிட் அகலப் பாதை (பஸ்), மெமரியின் வேகமும் அதே நொடிக்கு 288 ஜிபி. மெமரியின் கொள்ளளவு ஒன்றுதான் வேறு.

விமர்சனங்கள் வந்தன. பெரும்பாலான கேம்களில் எஃப்பிஎஸ் வரைபடத்தின் இரண்டு பட்டையும் ஒரே நீளம். நூறு டாலர் தண்டம் என்று பலரும் எழுதினார்கள். டாலரை ரூபாயாக்கி 18 சதவீத ஜிஎஸ்டியையும் ஏற்றினால் நம் ஊரில் வித்தியாசம் பத்தாயிரத்தை ஒட்டி வரும். அக்கா மகன் ஷீட்டில் அந்த வரியைச் சிவப்பாக்கிவிட்டு 8 ஜிபி கார்டை வாங்கினான். மிச்சமான பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு 27 அங்குல 1440பி மானிட்டர். கையில் இருந்த எண்களை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவன் கூடப் படிக்கிற பையன் ஒருவன், அப்பா துபாயில் இருப்பதால் பத்தாயிரத்தைப் பெரிதாக நினைக்காதவன், 16 ஜிபி கார்டை வாங்கினான். மற்றபடி சிபியு, ரேம், மதர்போர்டு எல்லாம் இரண்டு பேரும் கலந்து பேசி வாங்கியவை, ஒரே சாமான்.

அக்கா வடகம் எடுக்க வந்த நாள்

ஒரு விடுமுறை நாளில் அந்தப் பையன் தன் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டையும் ஒரே மானிட்டரில் சொருகினார்கள், ஒன்று எச்டிஎம்ஐயில், இன்னொன்று டிஸ்ப்ளேபோர்ட்டில். பொத்தானை அழுத்தினால் அவன் கணினி, மறுபடி அழுத்தினால் இவன் கணினி. நான் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தேன். ஓடியது ஹாக்வார்ட்ஸ் லெகஸி என்ற கேம். எல்லா செட்டிங்கும் அல்ட்ரா, ஒளி விழுந்து தெறிப்பதைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கும் ஆன். திரையின் மூலையில் எண் ஓடிக்கொண்டிருக்கிறது. சேவ் ஃபைலும் ஒன்று, கோட்டைக்குள் ஒரே தாழ்வாரம். எண்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. சில இடங்களில் 16 ஜிபி கொஞ்சம் முன்னே, அவ்வளவுதான். "பாத்தீங்களா மாமா?" என்று கேட்பதற்கு அவன் வாயைத் திறந்த நேரத்தில், மொட்டை மாடியில் காய்ந்த வடகத்தை எடுக்க வந்த அக்கா வாசலிலேயே நின்று திரையைப் பார்த்தாள். பையன் பொத்தானை அழுத்தினான். "ஏன்டா, அதுல செவுரு நல்லா இருக்கு, இதுல மெழுகு மாதிரி வழிஞ்சு கெடக்கு? எனக்குத்தான் கண்ணு போச்சா?" என்றாள்.

கண் போகவில்லை. மூன்று பேரும் மூலையில் ஓடிய எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு அந்த எண் என்னவென்றே தெரியாததால் அவள் படத்தைப் பார்த்தாள். 16 ஜிபி கணினியில் கல்சுவரின் ஒவ்வொரு கல்லும் வெட்டும் தெரிந்தது. 8 ஜிபி கணினியில் அதே சுவர் மங்கலான ஒரு பழுப்புத் தீற்றல். சில நொடி நின்று பார்த்தால் கூர்மை வரும். திரும்பி நடந்தால் பக்கத்துத் தூண் மங்கும். மானிட்டர் 24 அங்குல 1080பியாக இருந்திருந்தால் இவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்காது. மெமரியில் மிச்சம் பிடித்த காசில் வாங்கிய பெரிய திரைதான் மெமரி இல்லாததை எடுத்துக் காட்டியது. இதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. மனுஷன் நொந்து போயிருக்கும்போது சொல்லக் கூடாது.

எண் ஏன் விழவில்லை

மெமரி பற்றாவிட்டால் எஃப்பிஎஸ் விழும் என்றுதான் நமக்குப் பழக்கம். 4096-க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், அதாவது சுவர், தரை மேல் ஒட்டும் படம், இன்றைக்குப் புழங்கும் சுருக்க முறையில், 16 எம்பி. தூரத்தில் பார்க்கும்போது பயன்படுத்த அதன் சிறு சிறு பிரதிகளையும் கூடவே வைப்பார்கள். அதோடு 21 எம்பியைத் தாண்டும். ஒரு கல்சுவருக்கு நிறம் ஒன்று, மேடு பள்ளம் ஒன்று, பளபளப்பு ஒன்று என்று பல டெக்ஸ்சர்கள். ஒரு தாழ்வாரத்தில் எத்தனை பொருள் என்று எண்ணிப் பாருங்கள். ரே டிரேசிங் போட்டால் காட்சியின் வடிவத்தை இன்னொரு முறை கட்டி வைக்கவும் இடம் வேண்டும். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் மொத்த மெமரியே 8 ஜிபி என்பதால், கேம் எழுதுகிறவர்கள் அதற்குள் அடங்கி நடந்தார்கள். நம் 8 ஜிபி கார்டுகளும் நிம்மதியாக இருந்தன. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 16 ஜிபி. பழைய கன்சோலை விட்டுவிட்டுப் புதியதற்கு மட்டும் எழுதத் தொடங்கிய கேம்கள் 2023-இல் கணினிக்கு வந்தபோது இந்தப் பிரச்சினை வெடித்தது. அந்த வருஷம் மார்ச்சில் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 1 பட்ட பாடும், அதன் டெக்ஸ்சர்கள் பல பேட்ச்களுக்குப் பிறகு தேறி வந்ததும் பலருக்கும் நினைவிருக்கும்.

இடம் போதாதபோது நடப்பது இரண்டு விதம். ஒன்று, மிஞ்சியதை கணினியின் ரேமில் வைத்துக்கொண்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற மதர்போர்டுப் பாதை வழியாக இழுப்பது. இந்தக் கார்டுக்கு எட்டு லேன்தான். நாலாம் தலைமுறை போர்டில் நொடிக்குச் சுமார் 16 ஜிபி. கார்டின் சொந்த மெமரி 288. ஆக, பதினெட்டில் ஒரு பங்கு வேகம். மூன்றாம் தலைமுறை போர்டென்றால் அதிலும் பாதி. இந்த வழியில் போகும் கேம் தடுமாறும், ஒரு சதவீத லோ, அதாவது மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம், சரியும், வரைபடத்தில் தெரிந்துவிடும். இன்னொரு விதம், கேமே நாசூக்காக நடந்துகொள்வது: பெரிய பிரதிக்கு இடமில்லை, சரி, சிறிய மங்கலான பிரதியைப் போட்டு ஓட்டு. கோர்களுக்கு வேலை குறையவில்லை, கூடவும் இல்லை. எண் அசையாது. சுவர் மட்டும் மெழுகாகும். ஃபோர்ஸ்போக்கன், ஹேலோ இன்ஃபினிட் போன்றவையும் இந்த நாசூக்குப் பேர்வழிகள்தான்.

4060 டிஐ வந்தபோது, முந்தைய 3060 டிஐயில் 4 எம்பியாக இருந்த எல்2 கேஷை (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) 32 எம்பி ஆக்கியிருக்கிறோம், அதனால் மெமரி பற்றிக் கவலை வேண்டாம் என்கிற தொனியில் என்விடியா விளக்கம் தந்தது. பொய் இல்லை. பெரிய கேஷ் இருந்தால் மெமரிக்குப் போய் வரும் நடை குறையும். 256 பிட் பஸ்ஸை 128 ஆக்கிய குறையை அது ஓரளவு ஈடுகட்டும். ஆனால் நடையைக் குறைப்பதால் கிடங்கு பெரிதாகிவிடாது. கேள்வி இடத்தைப் பற்றி; பதில் போக்குவரத்தைப் பற்றி.

அன்றைக்கு இரவு எனக்குத் தோன்றியது இதுதான். எஃப்பிஎஸ் வரைபடம் சொல்லாமல் ஒன்றை எடுத்துக்கொள்கிறது: எல்லாக் கார்டும் ஒரே படத்தை வரைகிறது, ஆகவே யார் சீக்கிரம் வரைகிறார் என்று எண்ணினால் போதும். மெஸ்ஸில் மணிக்கு எத்தனை இலை விழுகிறது என்று எண்ணிவிட்டு, இலையில் என்ன விழுந்தது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற மாதிரி. அந்த அனுமானம் நிற்கும்வரை எண் நல்ல எண். அது உடைந்தால் எண்ணே பொருளற்றுப் போகும். அதைச் சொல்லித் தர எண்ணுக்கு வாயும் இல்லை.

இது புதுசும் இல்லை

உடைந்த கதைகளைத் தேடிப் போனால் எனக்குக் கிடைத்த பழையது 2001-ஐச் சேர்ந்தது. ஏடிஐ, அதாவது என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி பின்னால் விலைக்கு வாங்கிய கனடா நிறுவனம், ரேடியான் 8500-ஐ இறக்கிய நேரம். அன்றைக்கு எல்லோரும் கார்டுகளை அளந்தது குவேக் 3-ஐ வைத்து. ஹார்ட்ஓசிபி தளத்தார் ஒரு வேடிக்கை செய்தார்கள். கேமின் இயக்கக் கோப்பில் குவேக் என்ற பெயரை குவாக் என்று மாற்றினார்கள். கேம் அதேதான், பெயர் மட்டும் வேறு. எஃப்பிஎஸ் இறங்கியது. டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கோப்பின் பெயரைப் பார்த்து, ஓ, இது அளக்கிற கேம் என்று அடையாளம் கண்டுகொண்டு வேறு மாதிரி நடந்திருக்கிறது. டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாஸன் இரண்டு ஓட்டத்திலும் படம் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குவேக் என்ற பெயரில் ஓடும்போது டெக்ஸ்சர்கள் மங்கல். குவாக் என்ற பெயரில் கூர்மை. படத்தைக் கொஞ்சம் திருடி எண்ணில் போட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் வந்த டிரைவரில் மங்கலும் போய், வேகமும் குறையாமல் இருந்தது என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. திருடத் தேவையே இருக்கவில்லை.

என்விடியாவும் சளைத்ததில்லை. 2003 மே மாதம் 3டிமார்க் 03 என்ற வேகச் சோதனை மென்பொருளைத் தயாரித்த ஃப்யூச்சர்மார்க், ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் டிரைவர்கள் தங்கள் சோதனையை அடையாளம் கண்டு ஏமாற்றுகின்றன என்று அறிக்கை விட்டது. அந்தச் சோதனையில் கேமரா எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். அது திரும்பிப் பார்க்காத பக்கங்களை டிரைவர் வரையாமலே விட்டிருந்தது. கேமராவைத் தடத்திலிருந்து விலக்கிப் பார்த்தால் வானம் அலங்கோலம். அதைத் தடுக்கும் பேட்ச் போட்டதும் மதிப்பெண் ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது. சில நாள் கழித்து, அது ஏமாற்று அல்ல, குறிப்பிட்ட பயன்பாட்டுக்கான மேம்படுத்தல் என்று இரண்டு நிறுவனமும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. நல்ல தமிழில் இதை சமாதானம் என்போம்.

அதே ஸ்காட் வாஸன் 2011 செப்டம்பரில் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணாதீர்கள், ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தது என்று பாருங்கள் என்றார். சராசரி 60 என்றால் ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் என்று அர்த்தமில்லை. ஐம்பத்தொன்பது ஃபிரேம் சட்டென்று வந்து, ஒன்று மட்டும் இழுத்தடித்தாலும் சராசரி 60 வரும். இன்றைக்கு நாம் பார்க்கும் ஒரு சதவீத லோ எல்லாம் அந்த வழியில் வந்தவை. அதன் தொடர்ச்சியாக 2013-இல் திரைக்குப் போகும் சிக்னலையே பதிவு செய்து அளந்தபோது, இரண்டு ரேடியான் கார்டு சேர்ந்து ஓடும் கணினிகளில் சில ஃபிரேம்கள் திரையில் நாலைந்து வரி உயரத்துக்கு மட்டும் வந்துபோவது தெரிந்தது. எண்ணிக்கையில் அவை முழு ஃபிரேம். கண்ணுக்கு ஒரு கீற்று. அந்த வருஷம் ஆகஸ்டில் ஏஎம்டி டிரைவரைத் திருத்தியது. வாஸன் பின்னாளில் ஏஎம்டியிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

அக்கா மகனுக்கு இந்தக் கதைகளைச் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "அதெல்லாம் கம்பெனிக்காரன் ஏமாத்துனது மாமா. இங்க யாரு ஏமாத்துனா?" யாரும் இல்லை. 2001-இல் டிரைவர் திருட்டுத்தனமாகச் செய்ததை 2023-இல் கேம் நல்ல எண்ணத்தோடு செய்கிறது, ஓட்டம் நிற்காமல் இருக்கட்டும் என்று. கோப்பின் பெயரை மாற்றினால் அகப்படுகிற குற்றவாளி இங்கே கிடையாது. அதனால்தான் பிடிப்பது கஷ்டம். சோதனை ஓட்டமும் பெரும்பாலும் ஒரு நிமிஷ ஓட்டம். மெமரி நிரம்பி வழிவதற்கு முன்பே முடிந்துபோயிருக்கும்.

கணக்கில் வராத ஃபிரேம்கள், வரைபடத்தில் வரும் ஃபிரேம்கள்

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 2025 ஜனவரியில் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 4090-இன் செயல்திறனைத் தரும் என்றார். 5070-இல் 6144 கோர், 12 ஜிபி. 4090-இல் 16384 கோர், 24 ஜிபி. எப்படிச் சமமாகும்? என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 என்ற தொழில்நுட்பம், நிஜமாக வரைந்த ஒரு ஃபிரேமுக்கு மூன்று ஃபிரேம் வரை ஊகித்துச் செருகும். அதையும் எண்ணில் சேர்த்தால் பட்டை நீண்டுவிடும். செருகிய ஃபிரேம்களில் கேமின் கணக்கு ஓடுவதில்லை. நீங்கள் மவுஸை அசைத்தது அவற்றுக்குத் தெரியாது. இடையில் செருக வேண்டுமானால் அடுத்த நிஜ ஃபிரேம் கையில் இருக்க வேண்டும், அதைக் கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும், அந்த அளவுக்குத் தாமதம். ஏற்கெனவே நல்ல வேகத்தில் ஓடும் கேமை 144 ஹெர்ட்ஸ் திரையில் வழுவழுப்பாக்க இது அருமையான வித்தை. நானே போட்டுக்கொண்டுதான் ஆடுகிறேன். ஆனால் முப்பதில் திணறும் கேமை இது காப்பாற்றாது. மூலையில் 120 என்று எழுதியிருக்கும், கை முப்பதில் மாட்டிக்கொண்டிருக்கும்.

இதில் நமக்குச் சம்பந்தமான ஒரு கிளை உண்டு. இந்த ஊகிக்கிற வேலைக்கும் மெமரி வேண்டும். 8 ஜிபி ஏற்கெனவே வழிந்து நிற்கும்போது அதை ஆன் செய்தால், டெக்ஸ்சரிடமிருந்து இன்னும் கொஞ்சம் இடம் பறிபோகும். எண் ஏறும், படம் இறங்கும். இரண்டும் ஒரே பொத்தானில்.

அப்ஸ்கேலிங்கும், அதாவது சிறிதாக வரைந்து பெரிதாக்குவதும், இப்படித்தான். டிஎல்எஸ்எஸ் ஒரு மாதிரிப் படத்தை ஊதிப் பெரிதாக்கும், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் வேறு மாதிரி. இரண்டு நிறுவனத்தின் கார்டுகளும் இரண்டு விதமான படத்தை வரையும்போது பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து என்ன சொல்ல முடியும்? நேட்டிவில் மட்டும், அதாவது ஊதாமல் திரையின் முழு அளவில் வரைந்து, அளப்பேன் என்கிறார் ஒருவர். நேட்டிவில் இப்போது யார் ஆடுகிறார்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரி. நான் இந்தச் சண்டையில் நேட்டிவ் பக்கம். நியாயத்துக்காக அல்ல, குறைந்தபட்சம் படம் ஒன்றாக இருக்கும் என்பதற்காக.

2025 ஏப்ரலில் 5060 டிஐ வந்தது. மறுபடி 8 ஜிபி, 16 ஜிபி. 379 டாலர், 429 டாலர். விமர்சகர்கள் கைக்கு முதலில் போனவை பெரும்பாலும் 16 ஜிபி கார்டுகள். கடையில் இரண்டு டப்பாவும் ஒரே முகம். இந்த முறை அறிமுக விலையில் வித்தியாசம் ஐம்பது டாலர்தான் என்பதால் 16 ஜிபி வாங்கச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. போன முறை நூறு டாலருக்கு அப்படிச் சொல்லியிருப்பேனா என்றால், 1080பியில் ஆடுகிறவனுக்கு நிச்சயம் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்கா மகன் கார்டை மாற்றவில்லை. ஹாக்வார்ட்ஸில் டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினான், ரே டிரேசிங்கை அணைத்தான். சுவர் கல்லாகத் திரும்பி வந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். "இப்ப சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் ஷீட்டில் இப்போது எஃப்பிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி இருக்கிறது. அதில் எண் இல்லை, ஒரே இடத்தில் நின்று எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுக்கான இணைப்பு மட்டும். புது கேம் வந்தால் கூட்டாளியையும் அதே இடத்தில் நிற்க வைத்து எடுக்கச் சொல்கிறான். போன வாரம் எனக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு ஜோடி அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன், சிறிதாக்கிப் பார்த்தேன், எது யாருடையது என்று பிடிபடவில்லை. கீழே எழுதியிருந்தான்: "ரெண்டும் ஒண்ணுதான். இதுக்கும் பத்தாயிரம் கேப்பீங்களா மாமா?"